நசீமாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்

ஜூலை 1, செவ்வாய்

விடியும் முன்பே மழை. கரண்ட் இல்லை. எடை மெஷின் பேட்டரியில் ஓடுவதால் தப்பித்தேன்.

நசீமா 51.4 கிலோ. நேற்று 51.2.

பதினைந்தாம் நாள். மூன்று வாரம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் திருவனந்தபுரத்து டாக்டரம்மா. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மேலே ஒரு சொட்டு கூடாது. உப்பு கூடாது. மூத்திரம் போக மாத்திரை இரண்டு. தினம் காலையில் வெறும் வயிற்றோடு, ஒரே உடையில் எடை. எடை ஏறாமல் நின்றால் மருந்தோடு போகலாம். இவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பிறகும் ஏறினால் என் பெண்டாட்டியின் நெஞ்சைத் திறக்க வேண்டியதுதான்.

அதற்காக ஒரு நீல நோட்டு. அது டாக்டருக்கு. இந்த டைரி எனக்கு.

நீல நோட்டில் நேற்றையது:
குடித்தது: சாயா 100, மாத்திரைக்கு 50+50, மற்றபடி தண்ணீர் 750. மொத்தம் 950.
சாப்பாடு: காலை கஞ்சி, சிறுபயறு. மதியம் சோறு, கீரை. இரவு கஞ்சி.
மூத்திரம் போனது: 870.

சவூதியில், தம்மாமில், இருபத்திரண்டு வருடம் ஸ்டோர்கீப்பர். ஒரு போல்ட் குறைந்தது என்று எவனும் என்னைக் கேட்டதில்லை. அந்தக் கையெழுத்துதான் நீல நோட்டிலும்.

மெஷின் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். வேலைக்காரி துடைத்துவிட்டாள். திட்டினேன். திரும்பப் போட்டேன்.

ஜூலை 3, வியாழன்

மழை விட்டு வெயில். தேங்காப்பட்டணம் முழுக்க ஈரத்துணி வாசம்.

51.8.

கணுக்காலில் விரலை வைத்து அமுக்கினால் குழி. எண்பது எண்ணும்வரை மேலே வரவில்லை. திங்கட்கிழமை அறுபது.

"என்னத்த எண்ணுதிய மச்சான்?"

"ஒண்ணுமில்ல."

"எனக்க காலத்தானே எண்ணுதிய. எங்கிட்ட சொன்னா என்ன?"

எண்பது என்றேன். தலையாட்டினாள். அவள் என் மாமா மகள், கல்யாணத்துக்கு முன்பே நான் மச்சான்தான். கட்டி இருபத்தெட்டு வருடம். பிள்ளை இல்லை. சேர்ந்து இருந்தது கூட்டிப்பார்த்தால் ஆறு வருடம் வரும்.

மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகவில்லை. வள்ளக்காரர்கள் கொண்டுவந்த சாளைக்கு வாசலில் அடிதடி. வாங்கவில்லை. உப்பில்லாத மீன்குழம்பு அவளுக்கு வேண்டாமாம். கஞ்சி போதுமாம்.

கஞ்சி வைப்பது நான். சம்பா அரிசி, ரொம்பக் குழையாமல். கேம்ப் ரூமில் எட்டுப் பேருக்கு வைத்துப் பழகிய கை. அவள் அடுப்பங்கரையில் நின்றால் மூச்சு வாங்குகிறது, அதனால் ஆறு மாதமாக அடுப்பு என்னுடையது.

செய்ய வேண்டியது: 1. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, மோட்டார்க்காரனைக் கூப்பிட வேண்டும். 2. மாத்திரை நாலு நாளைக்குத்தான் இருக்கிறது. 3. போன் ரீசார்ஜ்.

ஜூலை 4, வெள்ளி

52.1.

ஜும்ஆவுக்குப் போனேன். செருப்பு மாறிப்போனது. எவனோ புதுசைப் போட்டுப் போய்விட்டான். என்னவும் ஆகட்டும் என்று கிடந்த பழசைப் போட்டு வந்தேன்.

பள்ளிவாசல் படியில் ஒருவர்: "பெண்டாட்டிக்கு எப்படி இருக்கு?" சொகம் என்றேன். "துஆ செய்யுதோம்." சரி என்றேன். அவர் போன பிறகும் அங்கேயே நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை.

பிற்பகல் நாலு மணிக்கு நசீமா தண்ணீர் கேட்டாள்.

"கொஞ்சம் வெள்ளம் தாங்க மச்சான். நாக்கு ஒட்டுது."

"ஆறு மணிக்கு நூறு இருக்கு."

"இப்ப அம்பது தந்துட்டு அப்ப அம்பது தாங்களேன்."

கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள், விழுங்கவில்லை. நான் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஜூலை 7, திங்கள்

திருவனந்தபுரம். ஏழு மணிக்குக் கிளம்பி, களியக்காவிளையில் பஸ் மாறி, ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி. பஸ்ஸில் பின் சீட்டில் ஒருத்தி போனில்: "நான் அப்பவே சொன்னேம்லா, அவன் லீவுக்கு வரமாட்டான்னு." நெய்யாற்றங்கரை வரை அதே வாக்கியம்.

53.2.

எக்கோ அறையில் மாணவர்கள் ஏழு பேர். அபூர்வமான கேஸாம். முன்பு இந்தக் கடற்கரை முழுக்க இருந்த நோயாம், இப்போது புத்தகத்தில்தான் பார்க்கிறார்களாம். ஒரு பையன் எட்டி எட்டிப் பார்த்தான், கழுத்து நீண்டுவிட்டது. நசீமா தலையில் கிடந்த தட்டத்தை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா திரையைக் காட்டி எனக்கும் சேர்த்துச் சொன்னார். தெரிந்தவரை எழுதிவைக்கிறேன்.

இதய அறைகளின் உள்பக்கம் மெல்லிய தோல் ஒன்று உண்டு. ரத்தத்தைத் தொடுவது ஒரே ஒரு வரிசை செல்கள். டாக்டர்கள் நாங்கள் எல்லோரும் அதைச் சும்மா ஒரு உள்துணி என்று நினைத்திருந்தோம் என்றார். அப்படி இல்லையாம். வரும் ரத்தத்தை முதலில் தொட்டுப் பார்ப்பது அந்தச் செல்கள்தானாம். சில ரசாயனங்களைக் கசியவிட்டு, அடுத்திருக்கும் தசைக்கு எவ்வளவு நேரம் இறுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்குமாம்.

"இவங்களுக்கு அந்தத் தோல் தழும்பாயிடுச்சு, கேட்டோ. தசைக்குச் சொல்ல ஆளில்ல. விரிய இடமும் இல்ல. இறுக்கறது நல்லா இறுக்குது. விடத்தான் முடியல்ல."

விடாததால் ரத்தம் உள்ளே வர முடியவில்லை. பின்னால் தேங்குகிறது. வயிறு, கால்.

"எதனால டாக்டர்?"

"மண்ணுன்னு சொன்னாங்க, மரச்சீனின்னு சொன்னாங்க, குடல்புழுன்னு சொன்னாங்க. ஒண்ணும் உறுதியில்ல."

நசீமா கேரளப் பக்கம் பூவார்க் கடற்கரையில் வளர்ந்தவள். மண்ணும் மரச்சீனிக் கிழங்கும் புழுவும் யாருக்கு இல்லை அங்கே.

பிறகு நீல நோட்டைக் கேட்டார். குடித்தது என்ற பத்தியில் மொத்தத்தை மட்டும் விரலால் ஓட்டிப் பார்த்தார். 950, 980, 1000, 940. "இவ்வளவு நல்லா எழுதின நோட்டு நான் பாத்ததில்ல." பிறகு எடையைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

ஆபரேஷன். தடித்த தோலை உரித்தெடுத்து இரண்டு வால்வும் மாற்ற வேண்டும். திரும்பி வராதவர்களும் உண்டு, மறைக்கமாட்டேன் என்றார். 14ஆம் தேதி அட்மிஷன், 17 காலை தியேட்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. அவளை உட்கார வைத்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. பேசாமல் இருந்தது கஷ்டமாகவும் இல்லை.

ஜூலை 9, புதன்

53.3.

பொருத்தம் கேட்கப் போனோம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் போகும் முன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம். ஆட்டோ பிடித்துப் பூவார். அவளுடைய ராத்தா மைமூன் வீடு. பதினொரு வருடமாகப் போக்குவரத்து இல்லை. ஒரு கல்யாணத்தில் இவளைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள் என்று தொடங்கிய சண்டை.

நசீமா வாசலிலேயே அக்காவின் இரண்டு கையையும் பிடித்தாள். "பொருத்தப்படணும் ராத்தா."

மைமூன் அவளைத் திண்ணையில் உட்கார வைத்தார். பிறகு, "ஏட்டி, கடைசிப் பந்தியில இருத்துனது நாந்தானேட்டி. நீயா பொருத்தம் கேக்குத?" என்று அழுதார். அவர் அழ, அவர் மருமகள் அழ, ஆட்டோக்காரன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். நசீமா அழவில்லை. நானும் இல்லை.

சாயா கொடுத்தார்கள். நசீமா என்னைப் பார்த்தாள். 60 என்று விரலால் காட்டினேன். அறுபது அளவுக்குக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். மைமூன் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

ஜூலை 14, திங்கள்

அட்மிஷன். வார்டு மூன்றாம் மாடி, ஜன்னலோரப் படுக்கை. 53.9.

கொண்டுவந்தது: ஃபைல், நீல நோட்டு, பிளாஸ்க், கஞ்சிக்கு இரண்டு பிஞ்ஞாணக் கிண்ணம், தொழுகைப் பாய், சார்ஜர். மறந்தது: சோப்பு, என் மூக்குக்கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன், கோடு ஏறி இறங்குகிறது.

நர்ஸ் ஒருத்தி, பெயர் ஜெசி. சத்தக்காரி. கையில் ஊசி குத்தும்போது மட்டும் குரல் மெதுவாகிறது.

ஜூலை 15, செவ்வாய்

காலை எட்டு மணி. பக்கத்துப் படுக்கையில் வயதான அம்மா, அவரும் இதயத்தால் உடம்பில் நீர் தேங்கிய கேஸ்தான். கேன்டீனில் இருந்து கஞ்சி வாங்கிவந்தாள் மகள். ஒரு வடிகட்டியை எடுத்தாள். கஞ்சியை அதில் ஊற்றினாள். கீழே இறங்கிய தண்ணீரை மருந்து அளக்கும் கிளாஸில் அளந்தாள். பேப்பரில் எழுதினாள்.

நான் பிஞ்ஞாணத்தில் நசீமாவுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு அளக்குத மோளே?"

"கஞ்ஞியும் வெள்ளமல்லே சேட்டா?"

கஞ்சியும் தண்ணீர்தானே என்கிறாள். ஆமாம். தண்ணீர்தான்.

ஊற்றுவதை நிறுத்தினேன். பாதிப் பிஞ்ஞாணம். நசீமா கை நீட்டினாள். "போதும், இண்ணைக்கு இவ்வளவுதான்" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

படிக்கட்டில் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு பிஞ்ஞாணம் நானூறு. பருக்கை நூறு. தண்ணீர் முந்நூறு. காலையும் இரவும் அறுநூறு. நான் ஒரு லிட்டர் என்று எழுதிய நாள் எல்லாம் ஒரு லிட்டர் அறுநூறு. தினமும். மூன்று வாரமும் அதற்குப் பிறகும். சாப்பாடு என்ற பத்தியில், என் அழகான கையெழுத்தில், கஞ்சி, கஞ்சி, கஞ்சி. பிறந்ததிலிருந்து கஞ்சியை யார் தண்ணீர் என்று சொன்னார்கள்? கஞ்சி சாப்பாடு.

அதை நம்பித்தான் நாளை மறுநாள் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள்.

இன்று சொல்லவில்லை. டாக்டர் இரண்டு முறை வந்தார். சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது.

வெட்கம். அது மட்டும் இல்லை. இது எனக்கான டைரி, இதிலாவது எழுத வேண்டும். ஆபரேஷன் நடந்துவிட்டால் எல்லாம் ஒரு முடிவுக்கு வரும் என்று ஒரு நினைப்பு ஓடியது. நல்ல முடிவா கெட்ட முடிவா என்றுகூட நினைக்கவில்லை. முடிவு, அவ்வளவுதான். இப்படி நினைத்தவனுக்கு உடம்பு பதற வேண்டும். பதறவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது எல்லாம்.

ஜூலை 16, புதன்

பத்து மணிக்கு சம்மதப் படிவம் வந்தது. நாலு பக்கம். நோயாளி ஒரு கையெழுத்து, கணவர் ஒரு கையெழுத்து. நசீமா முதலில் போட்டாள். பேனாவை என்னிடம் நீட்டினாள். சுற்றிலும் டாக்டரம்மா, ஜெசி, இரண்டு ஜூனியர்கள்.

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

"டாக்டர், நான் கஞ்சி எழுதல்ல."

யாருக்கும் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். நீல நோட்டைத் திறந்து சாப்பாட்டுப் பத்தியைக் காட்டினேன். ஒரு நாளைக்கு அறுநூறு என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ ஸ்டாக் வாசிப்பது போலக் கேட்டது.

ஒரு ஜூனியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா அவனைப் பார்த்தார், நின்றது. பிறகு அவரே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். "நானும் இந்தப் பத்தியைப் பாத்திருக்கணும். மொத்தத்தை மட்டும் பாத்தேன்." படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இப்பவாவது சொன்னீங்களே" என்றார்.

ஜெசி விடவில்லை. "முதல்ல வந்த அன்னைக்கே பேப்பர் தந்தோமே சேட்டா! கஞ்சி, மோர், சாம்பார், எல்லாம் வெள்ளத்தோட சேர்க்கணும்னு தெளிவா அடிச்சிருக்கு!"

பேப்பர் தந்தார்கள். மலையாளத்தில். எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. வழக்கமான அட்வைஸ் என்று ஃபைலில் சொருகினேன்.

நசீமாவுக்கு வாசிக்க வரும். ஏழாம் கிளாஸ் வரை மலையாளப் பள்ளி.

அவளைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

ஆபரேஷன் தள்ளிவைப்பு. கஞ்சியை நிறுத்திப் பத்து நாள் பார்க்க வேண்டும். மாத்திரை மூன்று. அதிலும் எடை இறங்கவில்லை என்றால் மறுபடி தியேட்டர். தியேட்டர் நேரம் வீணாகிப்போன சர்ஜன் வராந்தாவில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என்னைத்தான்.

ஜூலை 18, வெள்ளி

வீடு. 53.5.

காலை தோசை ஒன்று. நான் சுட்டது, பாதி கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. மைமூன் ராத்தா போன் செய்தார்: "வெட்டாமலே விட்டானுவளா? அல்ஹம்துலில்லாஹ்!" போனை நசீமாவிடம் கொடுத்தேன். "ஆமா ராத்தா" "இல்ல ராத்தா" என்று மட்டும் பேசினாள்.

பேப்பரை ஃபைலிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வளைந்து வளைந்து எழுத்து. மடித்தேன். அவளிடம் கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

51.0.

குழி முப்பது எண்ணுவதற்குள் மேலே வருகிறது.

மோட்டார்க்காரன் வந்தான். காயில் போய்விட்டதாம். அவனுக்குச் சாயா போட்டேன். நசீமா வாசனையை மோந்து, "எனக்கும் ஒரு வாய்" என்றாள். நூறு கொடுத்தேன், எழுதினேன்.

இறங்கும் எடையைப் பார்த்தால் சந்தோஷம் வர வேண்டும். 51.0 என்று எழுதினேன். அவ்வளவுதான் வந்தது.

ஜூலை 28, திங்கள்

திருவனந்தபுரம். 48.6.

எக்கோ. தோல் அப்படியேதான் இருக்கிறது. தழும்பு தழும்புதான், அந்தச் செல்கள் திரும்ப வராது, தசை பழையபடி விடவும் விடாது என்றார் டாக்டரம்மா. ஆனால் அளவோடு உள்ளே வந்தால் அந்த இதயமே சமாளித்துக்கொள்ளும். இப்போதைக்குக் கத்தி வேண்டாம். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

"இவங்க ஒத்துழைச்சா ரொம்ப நாள் இப்படியே போகலாம், கேட்டோ" என்று என்னிடம் சொன்னார். நசீமாவிடம் சொல்லவில்லை.

ஒத்துழைச்சா. பஸ் முழுக்க அந்தச் சொல்.

ஜூலை 29, செவ்வாய்

48.5. வெயில். கடல் சத்தம் அதிகம்.

காலை எடை எழுதி முடித்ததும் கேட்டேன். அவள் முறத்தில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேப்பரை நீ வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

"எப்ப?"

"தந்த அண்ணைக்கே. பஸ்ஸுல வரும்போ."

"கஞ்சி இருந்துதா அதுல?"

"நாலாவது வரி."

பயறில் கல் ஒன்று எடுத்து ஓரமாக வைத்தாள்.

"பின்ன ஏன் சொல்லல்ல? ஒரு மாசமா நான் அளந்து அளந்து எழுதுதேன், நீ பாத்துட்டே இருக்க. நெஞ்சைப் பொளக்கப் போறாவன்னு தெரிஞ்சும் கையெழுத்துப் போடுத. ஏன் நசீமா?"

அவள் இன்னொரு கல்லைத் தேடினாள். பிறகு முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"காலையில நீங்க கஞ்சி ஊத்திக்கிட்டு வந்து பக்கத்துல இருப்பிய. சூடு ஆறட்டும்னு ஊதுவிய. இந்த வீட்டுக்கு வந்து இத்தன வருசத்துல எனக்கு ஒருத்தரும் ஊதித் தந்ததில்ல. சொன்னா நிப்பாட்டிருவிய. வெட்டுனா வெட்டட்டும்னு இருந்துட்டேன்."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. "சவமே, மவுத்தாயிருப்பியே, நான் என்னட்டி செய்வேன், நான் யாருக்கு எழுதுவேன்" என்று கத்தினேன். முறத்தைத் தட்டிவிட்டேன். பயறு வீடெல்லாம். அடுத்த வீட்டுக்காரி மதில்மேல் தலையை நீட்டினாள், அவளையும் திட்டினேன். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில், சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்தில். நிறுத்த முடியவில்லை. அவள் எழுந்து வந்து தலையில் கை வைத்தாள், மூச்சு வாங்கியது அவளுக்கு. "இரியேட்டி, நடக்காத" என்று சொல்லிக்கொண்டே அழுதேன்.

இந்த ஒன்றரை மாதத்தில் இன்றுதான் பயந்தேன்.

பதினொரு மணி. பயறைப் பொறுக்கியாகிவிட்டது. "இனி சுத்தமா கஞ்சியே இல்லியா?" என்று கேட்டாள். அரைப் பிடி அரிசி போட்டேன். நீல நோட்டில் புதுப் பத்தி.

கஞ்சி: 100. ஆறிக்கொண்டிருக்கிறது.